புனத்துக் கிளியும் கூண்டுக் கிளியும்

கட்கியில் குடியிருக்கும் நமக்குக் கிளி புதிய பறவையன்று. வைகறையில் கன்டோன்மென்ட் சாலையோரத்து ஆலமரங்களிலிருந்தும் அரசமரங்களிலிருந்தும் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு, முளா ஆற்றின் மேலாகப் பறந்து செல்லும் பச்சைக் கிளிகளின் கூச்சல் கேட்டே நம்முள் பலர் கண் விழிக்கிறோம். மாலையில் அவை அதே வழியே திரும்புகின்றன. 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களம் இவ்வூர். பின்னர் இங்குப் படைவீடு அமைந்தது. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தோன்றியது. படையையும் தொழிற்சாலையையும் இருப்புப் பாதையையும் நம்பித் தென்னாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களே நம்முள் பலர். நாம் வந்தேறியவர்கள்; கிளிகள் நமக்கு முன்னரே இங்கு இருந்தவை.

பொங்கல் விழா ஒன்றில் நிகழ்ந்த சிறு செய்தியே இக்கட்டுரைக்கு வித்து. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறி, நீண்டதொரு தமிழ்ப் பாடலைத் தடங்கலின்றி ஒப்பித்தாள். அவையினர் கைதட்டி மகிழ்ந்தனர். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "கிளிப்பிள்ளை போலச் சொல்லிவிட்டாள்!" என்று நெஞ்சு குளிர்ந்து பாராட்டினார். விழா முடிந்தபின் அச்சிறுமியை அழைத்து, பாடலில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டோம். அவள் தன் தாயின் முகத்தைப் பார்த்தாள். பின்னர்த் தோழியோடு மராட்டியில் பேசிக்கொண்டே விளையாட ஓடிவிட்டாள். உடனிருந்த மராட்டிய நண்பர் சிரித்துக்கொண்டே, "இதனை எங்கள் மொழியில் போபட்பஞ்சி என்போம்" என்றார். போபட் என்றால் கிளி. பொருளறியாது ஒப்பித்தலுக்கு அவர்கள் இட்ட பெயர் போபட்பஞ்சி.

ஒரே பறவை, ஒருவர் வாயில் புகழுரையாகவும் மற்றொருவர் வாயில் இகழுரையாகவும் வந்தது. கிளி உண்மையில் எத்தகைய உயிர்? நம் இலக்கியம் அதனை எவ்வாறு கண்டது? நம் பிள்ளைகள் கிளிப்பிள்ளைகள் ஆவது நன்றா, தீதா? இவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

கிளியின் தோற்றமும் இயல்பும்

நம் தெருக்களில் காணும் கிளி, அலகு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் நீளமுடையது. அதில் ஏறக்குறைய பாதி வாலே. மேலலகு வளைந்து சிவந்திருக்கும். ஆண் கிளிக்குத் தாடையிலிருந்து ஒரு கருங்கோடு கிளம்பிக் கழுத்தைச் சுற்றும். அதனையொட்டி இளஞ்சிவப்பு வளையம் ஒன்று மாலை போல் விளங்கும். பெண் கிளிக்கு அவ்வளையம் இல்லை. ஆண் குஞ்சுக்கும் பிறந்தவுடன் அது தோன்றுவதில்லை; மூன்றாம் ஆண்டளவிலேதான் தோன்றும். காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருத்தலால், கிளையைப் பற்றவும் பழத்தைக் கைபோல் ஏந்தி உண்ணவும் அதற்கு எளிது. இதனினும் பெரிய, தோளில் செந்திட்டுடைய மற்றொரு கிளியும் இந்நாட்டில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் செல்வோர், ஆண் பறவையின் தலை மட்டும் நாவற்பழமும் ரோசாவும் கலந்த நிறமாய் மின்னும் சிறு கிளியினத்தையும் காணலாம்.

கிளி கூட்டமாய் வாழும் பறவை. கூட்டமாய் இரை தேடும், கூட்டமாய் அடையும். உண்பதைக் காட்டிலும் கொறித்து வீழ்த்துவது மிகுதி என்பதை வீட்டுக் கொய்யாமரத்தின் அடியைப் பெருக்கும் தாய்மார் நன்கறிவர். உழவனுக்கு இஃது இழப்பு. ஆதலின் கிளியை முதன்முதல் கூர்ந்து நோக்கியவன் அதனை விரட்டக் கடமைப்பட்ட உழவனாகவே இருந்திருத்தல் வேண்டும். நம் சங்க இலக்கியம் இதற்குச் சான்று பகர்கிறது.

கிளி கடிந்தவர் கண்ட கிளி

குறிஞ்சித் திணையில் கிளி வெறும் அணிகலன் அன்று; கதையை நடத்தும் காரணமே அதுதான். தினை முற்றுகிறது, கிளிகள் வருகின்றன, அவற்றை விரட்டத் தலைவி பரண்மேல் ஏறுகிறாள், அங்கே தலைவன் அவளைக் காண்கிறான். கிளி வாராவிடில் களவொழுக்கமே நிகழ வழியில்லை. இதனைக் கபிலரைப்போல் உணர்ந்தவர் இலர். ஐங்குறுநூற்றில் அவர் பாடிய குறிஞ்சி நூறில் ஒரு பத்து 'கிள்ளைப் பத்து' என்றே பெயர் பெற்றுள்ளது. அதன் முதற்பாட்டிலேயே தலைவன் கிளிகளை ஊழி பல கடந்தும் வாழ்க என வாழ்த்துகிறான். கொடிச்சியைப் புனங்காவலுக்கு வரச்செய்து தன் கண்ணுக்குக் காட்டியவை அவையே என்பது அவன் கூறும் காரணம். பயிருக்குப் பகையானது காதலுக்கு உறவாகிறது. அவ்வாழ்த்தில் நகையும் உண்டு, நன்றியும் உண்டு.

கிளிகடி கருவிகளைத் தழல், தட்டை, குளிர் எனப் பெயர் சொல்லிக் குறிஞ்சிப்பாட்டில் அடுக்குகிறார் அதே புலவர். கவண் கல்லும் வேறு பாடல்களில் வருகிறது. நம் பூனாவுக்கு அப்பால் சோளக்கொல்லைகளில் பரண் கட்டி, கோபண் என்னும் கவணைச் சுழற்றிக் கிளி விரட்டும் வழக்கம் மராட்டிய உழவரிடையே வழிவழியாக இருந்து வந்தது. குறிஞ்சிப் பாடல்களை உரை வழியே மட்டும் அறிந்த நமக்கு, அவற்றின் களத்தை அயலாரின் கொல்லை காட்டித் தருகிறது.

குறுந்தொகை 291ஆம் பாடலும் கபிலருடையதே. சுட்டெரித்துத் திருத்திய புனத்தில் தினை செழித்திருக்கிறது. கொடிச்சி குளிரை ஒலித்துக் கிளியை ஓட்டுகிறாள். அவ்வொலியோடு கலந்த அவள் குரலின் இனிமையால் கிளிகள் புனத்தை விட்டு எழ மறுக்கின்றன. ஓட்டப் போன இடத்தில் ஓட்டும் குரலே அழைப்பாகிவிட்டதற்கு நொந்து அவள் அழுகிறாள். அக்கண்களுக்குச் சுனையில் பூத்து மழைத்துளி ஏற்ற குவளையை உவமை கூறி முடிக்கிறார் புலவர். இதே கருத்துக் கிள்ளைப் பத்தின் வேறொரு பாட்டிலும் வருகிறது. அங்கே அவள் குரலைத் தம் இனத்தின் குரலென்றே கருதிக் கிளிகள் தினைமேல் படர்கின்றன.

இதனை உயர்வு நவிற்சி என்று உரைத்து மேற்செல்வது நம் வகுப்பறை வழக்கம். அவ்வளவில் நிறுத்திவிடுதல் புலவருக்குச் செய்யும் நீதியாகாது. கிளிக்கூட்டம் ஒன்றையொன்று குரலாலேயே அழைத்துக் கட்டுப்பட்டு வாழ்கிறது. ஓரிடத்தில் ஒரு கிளி இரை கண்டு குரல் கொடுத்தால் ஏனையவை அங்குத் திரள்வதை நம் தெருவிலேயே காணலாம். "இது நம் இனத்தின் குரல்" என்று நம்பும் பறவை அவ்விடம் விட்டு நீங்காது. கபிலர் தலைவியின் குரலைப் புகழ்வதற்கு எடுத்துக்கொண்டது கிளியின் இவ்வுண்மை இயல்பையே. இயல்பு உண்மையானதாக இருப்பதால் புகழும் பொய்யாகவில்லை.

நற்றிணை 102ஆம் பாட்டைப் பாடியவர் செம்பியனார். அதில் தலைவி தினைக்கதிர் கொய்த கிளியொன்றைப் பார்த்துப் பேசுகிறாள். அஞ்ச வேண்டா, வேண்டுமட்டும் உண். உன் குறை தீர்ந்தபின் என் குறையையும் தீர்க்க வேண்டும் என்று கைதொழுது இரக்கிறாள். பலா மரங்கள் நிறைந்த தலைவன் மலையில் உள்ள உன் சுற்றத்திடம் போவாயாயின், குறவர் மகள் மீண்டும் தினைக்காவலுக்கு வந்துவிட்டாள் என்று அவரிடம் சொல் என்பது அவள் வேண்டுகோள். இங்கே நாம் கருத வேண்டியவை இரண்டு. கிளியின் பசியை முதலிலும் தன் துயரைப் பின்னும் வைக்கிறாள் அவள். அக்கிளிக்குத் தனக்கென ஒரு சுற்றம் உண்டு என்பதையும் மறவாமல் பேசுகிறாள். காவல் காக்க வந்தவள் காவலை மறந்து கிளிக்கு விருந்து வைக்கிறாள் என்பதில் அவள் துயரின் ஆழம் புலனாகிறது.

இனிக் குறுந்தொகை 67. அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாலைப்பாட்டு இது. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் செல்லும் வழியில் ஒரு கிளி, பழுத்த வேப்பம்பழத்தைத் தன் வளைந்த அலகில் பற்றியிருக்கிறது. பொற்காசு ஒன்றைப் புதுநூலில் கோப்பவர் கூரிய நகநுனியில் அதனைப் பற்றியிருப்பது போன்ற தோற்றம் அது. மஞ்சட்பழம் காசாகிறது, வளைந்த அலகு நகமாகிறது. பொருளுக்காகப் போனவன் கண்ணில் பொன் படுகிறது. ஆனால் அப்பொன் நூலில் கோத்துக் கழுத்தில் அணியும் பொன், ஆதலின் அவள் நினைவும் உடன் எழ வேண்டும். "நம்மை நினையாரோ" என்று தலைவி கேட்பதன் நியாயம் இவ்வுவமையில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களாகிய நமக்கு இப்பாட்டின் பொருள் உரையின்றியே விளங்கும்.

'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் அறிஞர் பி. எல். சாமி, சங்கப் புலவர் பறவைகளைப் பற்றிக் கூறியனவற்றை இயற்கையோடு வைத்து ஆராயும் நெறியைத் தமிழுக்குக் காட்டினார். அந்நெறியில் நின்று பார்க்கும்போது, புனத்துக் கிளியைப் பாடிய புலவர்கள் அதனை மனிதன் சொற்களைப் பேசும் பறவையாக அன்று, தன் குரலில் தன் இனத்தோடு பேசும் பறவையாகவே கண்டனர் என்பது தெளிவாகிறது.

நாம் வாழும் மராட்டிய மண்ணுக்கும் இத்தகைய பழஞ்செல்வம் உண்டு. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகக் கூறப்பெறும் 'காதா சப்தசதி' மராட்டியப் பிராகிருதத்தில் அமைந்த தொகைநூல். அதன் ஒரு பாட்டில் கிளிக்கூட்டம் வானிலிருந்து இறங்குவது, விண்மகளின் கழுத்திலிருந்து நழுவிய மரகதமும் பதுமராகமும் இழைத்த மாலையாகக் காட்சி தருகிறது. பச்சைச் சிறகும் சிவந்த அலகும் அவ்விரு மணிகள். நன்முல்லையார் ஒரு கிளியை அருகில் நின்று கண்டார். இப்புலவர் ஒரு கூட்டத்தைத் தொலைவில் நின்று கண்டார். இருவர் கண்ணும் பொய்யாத கண்களே. அகப்பாடல்களுக்கும் இந்நூலுக்கும் உள்ள உறவை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். நம் அண்டை வீட்டாரோடு நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பேச்சுவார்த்தை இருந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

பொந்தும் குஞ்சும் இலவமரமும்

கிளி தூக்கணாங்குருவியைப் போல் கூடு பின்னுவதில்லை. மரப்பொந்திலோ பழஞ்சுவரின் துளையிலோ இடம் பிடித்து, வேண்டின் அலகால் குடைந்து அகலமாக்கிக்கொள்ளும். நம் பக்கத்தில் மார்கழி, தை முதல் பங்குனி, சித்திரை வரை அது குஞ்சு பொரிக்கும் பருவம். நான்கு முட்டை அளவில் இடும், அவை வெண்மையானவை. பெண் அடைகாக்கும்போது ஆண் இரை கொணர்ந்து ஊட்டும். மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக அடைகாத்தபின் குஞ்சு வெளிவரும். கண் திறவாது, இறகின்றிப் பிறக்கும் அக்குஞ்சு ஏறத்தாழ ஏழு வாரம் பொந்திலேயே வளர்ந்து பறக்கும்.

சங்கப் புலவர் கண்ணில் பெரிதும் பட்டது புனத்திலும் கிளையிலும் இருக்கும் கிளி. பொந்து வாழ்க்கையை விரித்துரைத்தவர் ஏழாம் நூற்றாண்டின் வடமொழிப் பெரும்புலவர் பாணர். அவருடைய காதம்பரியில் கிளியே தன் கதையைக் கூறுகிறது. ஓங்கி வளர்ந்த இலவமரம் ஒன்றின் பொந்துகளில் கிளிக்குடிகள் பல வாழ்கின்றன. தன்னை ஈன்றபோதே தாய் இறந்ததையும், பறக்க வலியற்ற முதிய தந்தை பிற கிளிகள் உண்டு சிந்தியவற்றைப் பொறுக்கித் தனக்கு ஊட்டியதையும், வேடன் ஒருவன் மரமேறிக் குஞ்சுகளைக் கொன்றபோது தந்தை தன்னைச் சிறகினுள் மறைத்து உயிர் விட்டதையும் அது சொல்கிறது. வேட்டுவன் எறிந்த உடலோடு சருகுக்குவியலில் வீழ்ந்து அக்குஞ்சு உயிர் பிழைக்கிறது. கற்பனைக் கதையே எனினும், கிளி பிடிக்கப்படும் முறையை அறிந்தவருக்கு இது கற்பனையாகத் தோன்றாது. கூண்டில் இனிமையாய்ப் பேசும் கிளிகளுள் பல இவ்வாறு பொந்திலிருந்து எடுக்கப்பட்டவையே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வளர்ப்பதையும் குற்றமாக்கியுள்ளன என்பதை ஈண்டு நினைவூட்டுகிறோம்.

இலவமரம் என்றவுடன் நமக்கு நினைவில் வருவது "இலவு காத்த கிளி" என்னும் பழமொழி. காய் பழுக்கும் என்று காத்திருந்து, அது வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கக் கண்டு ஏமாந்த கிளி என்பர். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பலாம் என்று காத்திருந்து, ஓய்வு வந்தபோது ஊரில் வீடும் இல்லை, உறவும் இல்லை என்று கண்ட முதியோர் கட்கியில் இப்பழமொழியைத் தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். பழமொழியின் நயத்தை மறுக்கவில்லை. ஆயினும் கிளியைப் பற்றிய செய்தியில் அது பிழைபட்டுள்ளது. மாசி, பங்குனியில் இலவம் இலையுதிர்த்துச் செம்பூப் பூத்து நிற்கும்போது கிளி வருவது பூவின் தேனுக்காக. அம்மரத்தின் பொந்தே அதற்கு வீடாகவும் அமையலாம் என்பதைப் பாணர் நமக்குக் காட்டினார். காய் வெடிக்கும் காலத்திற்குள் அது தேனுண்டு, குஞ்சும் வளர்த்து முடித்திருக்கும். கிளி ஏமாறவில்லை. காய்க்காகவே அது வந்தது என்று எண்ணியவர் நாம்.

கூண்டுக் கிளி

வீட்டில் கிளி வளர்த்தல் சங்ககாலத்திலும் இருந்தது. அகநானூறு 34ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார் ஒரு தலைவியைக் காட்டுகிறார். வினைமுடித்து மீளும் தலைவன் தேரில் வந்துகொண்டிருக்கிறான். இல்லத்தில் அவள் கிளியை முன்கையில் ஏந்தி, "இன்று வருவாரா, சொல்" என்று பிறர் கேளாதபடி மழலை மொழியில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எண்ணுகிறான். அக்கிளிக்குச் செந்நிறத் தார் உண்டு என்று புலவர் கூறுகிறார். முன்னர்க் கூறிய வளர்ச்சி முறையை இங்கு வைத்துப் பார்த்தால், அஃது ஆண் கிளி. முழு வளர்ச்சி பெற்றது. அவளோடு நெடுநாள் வாழ்ந்ததாகவும் இருக்கலாம். அவள் தனிமைக்கு அது நெடுநாள் துணை என்ற எண்ணம் பாட்டின் உருக்கத்தை மிகுவிக்கிறது. இங்கே பேசுபவள் தலைவி. கிளி கேட்கும் பறவையாக இருக்கிறது.

பக்தி இலக்கியத்தில் கிளி வாய் திறக்கிறது. திருஞானசம்பந்தர் தோணிபுரப் பதிகத்தில் கிளியை அழைத்து, தேனும் பாலும் தருவேன், இறைவன் திருநாமத்தை எனக்கு ஒருமுறை சொல் என வேண்டும் பெண்ணாகப் பேசுகிறார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியிலோ, கூட்டிலிருக்கும் கிளி ஓயாது கோவிந்தன் பெயரைக் கூவுகிறது. உணவு கொடாது தண்டித்தால் உலகளந்தான் என்று இன்னும் உரக்கக் கூவுகிறது. தான் கற்பித்த சொல்லே தன்னைச் சுடுகிறது என்பது அவள் நிலை. பொருளறியாத கிளியின் வாயில் பொருள் நிறைந்த பெயர். கேட்பவள் நெஞ்சிலே அதன் பொருள் எரிகிறது. ஒப்பித்தலைக் கொண்டே இத்துணைப் பெரிய உணர்ச்சியை எழுப்பிய பாடல் தமிழில் அரிது.

அதன்பின் கிளி தூதுப் பொருள்கள் பத்தனுள் ஒன்றாயிற்று. பலபட்டடைச் சொக்கநாதப் பிள்ளையின் அழகர் கிள்ளைவிடு தூது அவ்வகையில் சிறந்தது. கிளியைப் புகழ்வதில் அப்புலவர் காட்டும் சொற்றிறம் வியக்கத்தக்கது. ஆயினும் செம்பியனாரின் தலைவி கிளியின் பசியை முதலில் நினைத்ததையும், தூது நூல்களில் கிளி சிலேடைகளுக்குக் களமாவதையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு, பறவை சிறிது சிறிதாக நம் பார்வையிலிருந்து மறைந்ததும் தெரியும்.

இலக்கண ஆசிரியரும் கிளியை விட்டாரில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறது. அன்னத்தையும் பசுவையும் ஒப்பவர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் ஒப்பவர் இடைமாணாக்கர். கற்பித்ததை மட்டும் சொல்லவல்லது கிளி என்பது கருத்து. கிளியைக் கடைசியில் தள்ளாமல் இடையில் வைத்த பவணந்தியாரின் நடுவுநிலை போற்றத்தக்கது. ஒப்பித்தல் கல்வியின் முடிவன்று; இழிவும் அன்று.

ஒப்பித்தலின் தீங்கு நம் மேடைகளிலும் உண்டு. பறம்புமலை முற்றுகையின்போது கபிலர் கிளிகளைப் பழக்கி நெற்கதிர் கொணரச் செய்தார் என்று நம்மில் பலர் பேசி வருகிறோம். அகநானூறு 303ஆம் பாட்டில் ஔவையார் சுட்டும் பாரியின் பறவைகளோ குருவியினம். நூலைத் திறந்து பாராது கேட்டதையே திரும்பச் சொல்லி, குருவியைக் கிளியாக்கிய நாம், எட்டு வயதுச் சிறுமியைக் கிளிப்பிள்ளை என்பது பொருந்துமா? பாரதியார் 'நடிப்புச் சுதேசிகள்' பாடலில், செயலின்றிச் சொல் மட்டும் உடையோரைப் பற்றிக் கிளியிடமே முறையிடுகிறார். கிளிக்கண்ணி என்பது வழங்கி வந்த பாவடிவமே. எனினும் வாய்ப்பேச்சு வீரரைப் பற்றிய புகாரைக் கேட்பதற்குக் கிளியை அமர்த்தியதில் உள்ள எள்ளல் நம்மையும் தைக்கிறது.

கிளி ஏன் பேசுகிறது?

நம் ஊருக்கு அண்மையிலுள்ள ஆளந்தியில் அடங்கிய ஞானேசுவரர், 1290இல் இயற்றிய ஞானேசுவரியின் ஆறாம் இயலில் ஒரு கிளியைக் காட்டுகிறார். கிளி பிடிப்போர் கட்டிய குழலின்மேல் அது அமர்கிறது. உடற்பாரத்தால் குழல் சுழல, கிளி தலைகீழாகிறது. தன்னை எவரோ பிடித்துவிட்டதாக அஞ்சி, குழலை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறது. விட்டால் பறக்கலாம், அச்சத்தால் விடாது மாட்டிக்கொள்கிறது. அவர் உணர்த்தியது ஆன்மாவின் மயக்கத்தை. அயலூரில் வாழும் நமக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. மொழி போய்விடுமோ என்ற அச்சத்தால் ஒப்பித்தல் போட்டியையும் பரிசுக் கோப்பையையும் இறுகப் பற்றிக்கொள்கிறோம். பற்ற வேண்டியது அவைதாமா?

அண்மைக் கால ஆராய்ச்சி ஒன்று இங்குக் கைகொடுக்கிறது. தென் அமெரிக்க வெனிசுவேலா நாட்டில் சிறு பச்சைக் கிளியினம் ஒன்றை ஆராய்ந்த அறிஞர்கள் 2011இல் தம் முடிவை வெளியிட்டனர். பொந்திலுள்ள ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்த ஓர் அழைப்பொலி உண்டு. மனிதரின் பெயரைப் போன்றது அது. பெற்றோர் எழுப்பும் ஒலியைக் கேட்டே குஞ்சு அதனைக் கற்கிறது. ஒரு பொந்தின் முட்டைகளை வேறொரு பொந்தில் வைத்தபோது, அக்குஞ்சுகள் வளர்த்த பெற்றோரின் ஒலிச்சாயலையே பெற்றன. ஆகவே கிளிக்கு மொழி குருதியில் வருவதன்று. வளர்க்கும் சுற்றத்திடமிருந்து வருவது.

இதனை அறிந்தபின் கூண்டுக் கிளியின் பேச்சு நமக்கு வேறாக ஒலிக்கிறது. சுற்றத்தின் குரலைக் கற்றுச் சுற்றத்தோடு சேர்வது கிளியின் இயல்பு. பொந்திலிருந்து பறித்துக் கூண்டில் வைத்த கிளிக்குச் சுற்றம் எது? கூண்டைச் சுற்றி நிற்கும் மனிதரே. ஆதலால் அவர்களின் சொற்களைக் கற்றுச் சொல்லி, அவர்களோடு சேர முயல்கிறது. நாம் ஒப்பித்தல் என்று நகைத்தது, உண்மையில் தனித்துவிடப்பட்ட ஓர் உயிர் உறவு தேடும் முயற்சியாகும். கபிலர் கூறியதும் இதுவே அன்றோ? தம் இனத்தின் குரல் என்று நம்பிய கிளிகள் புனத்தை விட்டு எழவில்லை.

பறப்பனவற்றின் இளமைப் பெயர்களுள் ஒன்றாகப் 'பிள்ளை' என்பதைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. கிளிப்பிள்ளை என்ற வழக்கு அதனோடு இசைகிறது. நம் பிள்ளைகளும் அவ்வகையினரே. அவர்கள் மராட்டியும் இந்தியும் ஆங்கிலமும் பேசுவது தமிழை வெறுத்தன்று. அவர்கள் விளையாடும் சுற்றம் அம்மொழிகளில் அழைக்கிறது. அவற்றை அவர்கள் நன்கு கற்கட்டும். இந்நாட்டுச் சோறுண்ணும் நமக்கு அது கடமையுமாகும். தமிழும் அவர்களை அழைக்கும் குரலாக இருந்தால் அதனையும் கற்பர். ஆண்டுக்கு ஒருநாள் மேடையில் மட்டும் கேட்கும் குரல் எந்தக் குஞ்சையும் அழைக்காது. சமையலறையில் கேட்கும் தமிழ், சண்டையில் கேட்கும் தமிழ், பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடும் தமிழ் ஆகியவையே பொந்தில் கேட்கும் குரல்கள்.

குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்பது மரபு. தமிழறியாத ஒருவனுக்குத் தமிழின் சிறப்பைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்தது தற்புகழ்ச்சியை அன்று. ஒரு தினைப்புனத்தை, இரு பெண்களை, அவர்கள் ஓட்டிய கிளிகளை, மலையில் பூத்த பூக்களை. கண்ணால் காணத்தக்கவற்றின் வழியே மொழியைக் காட்டினார். வடபுலத்தில் வாழும் தமிழ்ச் சங்கங்களுக்கு இதனினும் சிறந்த பாடத்திட்டம் வேறில்லை.

அவ்வழியைச் சிறிதளவு முயன்று பார்த்தோம். மழை தொடங்கும் பருவத்தில், மேலே கூறிய அச்சிறுமியையும் வேறு சில பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். பழங்கள் மஞ்சளாய்ப் பழுத்திருந்தன. ஒரு கிளி வந்து அமர்ந்து ஒரு பழத்தை அலகில் பற்றியது. நன்முல்லையாரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. "அது எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டோம். சிறுமி சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "பாட்டி மூக்குத்தி மாதிரி இருக்கு" என்றாள்.

அச்சொற்கள் எவரும் அவளுக்குக் கற்பித்தவை அல்ல. அவள் பாட்டியின் மூக்குத்தியும், மரத்துக் கிளியும், வீட்டில் கேட்ட தமிழும் சேர்ந்து அவள் வாயில் ஓர் உவமை பிறந்தது. அதன்பிறகே அவளுக்குப் பொற்காசின் கதையைச் சொன்னோம், உவகையோடு கேட்டாள். அடுத்த பொங்கலுக்கு அவள் மேடையேறி ஒப்பிக்கட்டும், நாமும் கைதட்டுவோம். அதற்குமுன் நம் மன்றத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருநாள் மாலையேனும் தம் பிள்ளைகளை இவ்வூர் மரங்களின் கீழ் நிறுத்தி, கூடு திரும்பும் கிளிகளைக் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று தமிழில் கேட்க வேண்டுகிறோம்.